மாமன் ரத்தம் மன்னிக்காது

11-8-2008, திங்கள்

வெயில். சூளைக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே ஒரு கை அதிகம். ஜங்ஷன் பக்கம் ஒரு காகம் பறந்தபடியே வறுபட்டு விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். (பார்க்கவில்லை. ஆனால் எங்கேயாவது விழுந்திருக்கும்.)

இன்று தட்டிய கோப்பைகள்: நாற்பதாயிரம். மேஸ்திரி நோட்டில் நானூறு என்று எழுதியிருக்கிறார். பொறாமை.

பிற்காலச் சரித்திர ஆசிரியர்கள் குழம்பக்கூடாது என்பதற்காக என் பதவி விளக்கம்: விருத்தாசலம் பீங்கான் சாம்ராஜ்யத்தின் தலைமைத் தட்டாளர். (கம்பெனி ஏட்டில்: பழனிவேல், செக்கிங்.) சூளையிலிருந்து வரும் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் அன்னப்பறவை முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் எனக்கு முன்னாலேயே ஒருவன் பாஸ் போட்டுவிட்டான் என்று அர்த்தம், விட்டுவிடுவேன். இல்லையென்றால் நிறுத்தி, மோதிரத்தால் ஒரு தட்டு. ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல், உடைசல் தொட்டிக்கு. ‘டிங்’ என்றால் சரக்கு நல்லது, முத்திரைதான் இல்லை. அதை உடைக்க மனம் வராது. அப்படித் தப்பித்த ஒன்றில்தான் கயல் எங்கள் வீட்டில் டீ குடிப்பாள்.

கயல், அக்கா மகள். இருபது வயது. வாய்க்கு மட்டும் அறுபது. மச்சான் தவறிய பிறகு அக்காவுக்கு எல்லாம் அவள்தான். தையில் ரத்தப் புற்று என்றார்கள். சித்திரையில் போய்விட்டது என்றார்கள். ஆடியில் திரும்பி வந்துவிட்டது, கூப்பிடாத விருந்தாளி, பெட்டி படுக்கையோடு.

மூன்று மணிக்கு சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா போன். என்னுடையது சீனா செல்போன். ரகசியம் பேசினால் மணவாளநல்லூர் வரை கேட்கும்.

“வேலு, பொருத்தம் பாத்து வந்துடுச்சுடா. முழுசா யாருக்கும் இல்ல. எனக்கும் பாதி, உனக்கும் பாதி. டாக்டரம்மா மாமனுதே இருக்கட்டும்னு சொல்றாங்க. நீ ஒத்துக்கணும்.”

“ஒத்துக்கிட்டேன்.”

“என்னான்னு கேளுடா மொதல்ல.”

“அப்பறமா கேட்டுக்கறேன்.”

பக்கத்து மேஜையில் கோப்பைக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்த மல்லிகாவின் கை நின்றுபோனதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

13-8, புதன்

காலையில் மோடம். மழை வருகிற மாதிரி வந்து, ஊரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மல்லிகா எங்களுக்குப் பக்கத்து வீடு. விருத்தாசலம் வானொலி நிலையம். ஒலிபரப்பு நேரம் கிடையாது, எப்போதும்தான். அடிபம்பில் என் மனைவி வசந்தாவிடம் சொல்லியிருக்கிறாள்:

“வசந்தாக்கா, மனசத் தேத்திக்க. பொருத்தம் பாதிதான் வருதாம். இருந்தாலும் மாமனுக்கே குடுத்துடலாம்னு சென்னையில யாரோ பெரிய அம்மா சொல்லிட்டாங்களாம். உங்க வூட்டுக்காரரும் ஒடனே ஒத்துக்கிட்டாரு. என்னான்னு கூட கேக்கல!”

ராத்திரி வசந்தா (இனி வ.) சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அப்பளம் வைத்தாள். பிறகு:

“என்னாங்க, புதுப் பொண்டாட்டி வர்றாளாமே?”

எனக்குப் புரை ஏறிப் பாதி உயிர் போய்த் திரும்பியது.

“வரட்டும். பாத்திரம் தேய்க்க ஆளில்லாம தவிக்கிறேன். அவளுக்கு ரெண்டு வேளை, எனக்கு ஒரு வேளை.”

சிரித்தோம். ரொம்ப நேரம். முடித்தபோது வ. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “அந்தப் புள்ள பொழச்சு வந்தா போதுங்க. இந்த வூட்டுக்கு என்னாவா வேணா வரட்டும்.”

மல்லிகாவிடம் போய் விளக்கினேன். “அது ரத்தப் பொருத்தம், மல்லிகா.”

“ரஜ்ஜுப் பொருத்தமா? அது தட்டுனா புருசனுக்கு ஆவாதுண்ணே!”

திரும்பி வந்துவிட்டேன்.

18-8, திங்கள். சென்னை

டாக்டரம்மா ரொம்பச் சின்ன உருவம். என் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வரலாம். குரலும் அப்படித்தான். அந்தக் குரலில் சொன்ன செய்தி:

“உங்க ரத்தத்துல நேச்சுரல் கில்லர்னு ஒரு வகை செல் இருக்கு சார்.”

இயற்கைக் கொலையாளி! நாற்பத்தாறு வருடம் இந்த உடம்போடு குடித்தனம். எறும்பை மிதித்தால் எறும்பின் உறவுக்காரர்களிடமும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறவன். எனக்குள் கொலைப்படை! நிமிர்ந்து உட்கார்ந்தேன். (எல்லாருக்கும் இருக்கிறதாம். அதை அப்புறம்தான் சொன்னார். இன்னும் கொஞ்சம் தள்ளிச் சொல்லியிருக்கலாம்.)

அவர் சொன்னது, எனக்குப் பிடிபட்டவரை: இந்தக் கொலையாளிகள் (இனி இ.கொ.) உடம்பு முழுக்க ரோந்து. எதிரே வருகிற ஒவ்வொரு செல்லையும் நிறுத்தி, ‘நம்ம ஆள்’ என்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் விட்டுவிடும்.

“இல்லேன்னா தட்டிப் பாக்குமா?”

“என்ன சார்?”

கோப்பை, அன்னப்பறவை, டிங், டொக் எல்லாம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“கிட்டத்தட்ட. அடையாளம் இல்லாம, கூடவே கோளாறும் தெரிஞ்சா ஒடச்சிடும். அடையாளம் இல்ல, ஆனா ஆரோக்கியமான செல்னா பெரும்பாலும் விட்டுடுது. ஏன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது சார்.”

எனக்குத் தெரியும். உடைக்க மனம் வராது.

விஷயம் இதுதான். என்னிடம் இருக்கிற அடையாளங்களில் ஒன்று கயலிடம் இல்லை. என் குருத்தணுக்களை (ஸ்டெம் செல் என்கிறார்கள், ரத்தத்தின் விதைநெல்) அவளுக்குள் விட்டால், முளைக்கிறவற்றில் முன்வரிசை இ.கொ. படை. அது என் அடையாளத்தைத் தேடும். கயலின் புற்றுச் செல்லில் இருக்காது. டொக்.

“அப்ப பொருத்தம் இல்லாம இருக்கறதுதான் நல்லதா?”

“பாதி பொருந்தணும். இந்த ஒரு எடத்துல பொருந்தக் கூடாது. அம்மாவுக்கு அந்த எடமும் பொருந்திடுது, அதனாலதான் நீங்க.” பிறகு, “சத்தியம் பண்ண மாட்டேன் சார். வெளிநாட்டுல சில பேருக்குக் கேட்டிருக்கு. கயலுக்குக் கேக்கும்னு நம்பறேன். அவ்வளவுதான்.”

வராந்தாவில் அக்கா சுவரைப் பார்த்து நின்றாள்.

“பத்து மாசம் சுமந்தவடா நானு. என் ரத்தம் ஆவாதாம். உன் ரத்தம் ஆவுமாம்.”

“உன் ரத்தம் அவளப் பாத்ததும், எம் பொண்ணு வந்துட்டான்னு கதவத் தொறந்து வுட்டுடும்க்கா. அவ கூட ஒட்டிக்கிட்டு வர்ற திருடனுக்கும் சேத்து சோறு போடும். என்னுது மாமன் ரத்தம். மன்னிக்காது.”

“நீயா? கொசு அடிக்கறதுக்கே பக்கத்து வூட்லருந்து ஆளு கூப்புடுவ.”

“அது வெளியில. உள்ள பூரா எமகிங்கரனுங்க.”

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அழுகையும் அதிலேயே.

19-8, செவ்வாய். ரயிலில்

ஜன்னலோர சீட். விழுப்புரத்தில் டீ, வெந்நீர் என்ற பெயருக்குத் தகுதியானது.

செய்யக்கூடாதவை: பீடி. வெற்றிலை. கண்ட மாத்திரை. டூவீலரில் பறப்பது.
செய்ய வேண்டியவை: ஐந்து நாள் ஊசி. பிறகு மெஷினில் படுப்பது. ஒரு கையில் ஊசி வழியே ரத்தம் வெளியே, இன்னொரு கையில் ஊசி வழியே உள்ளே.

மேற்கண்ட வரியில் ஊசி என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிவிட்டேன். வியர்வை.

உண்மையை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். கம்பெனியில் ரத்ததான முகாம் போட்டபோது நான் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தேன். இதுவரை பதினேழு தடவை ரத்தம் கொடுத்திருப்பதாக ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். கயலுக்கு மட்டும் தெரியும். குதித்த இடத்தில்தான் அவள் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தாள்.

நேற்று கிளம்பும்போது காதருகே வந்து கேட்டாள்: “மாமா, அந்த ஆஸ்பத்திரியில பின்பக்கச் சொவரு எவ்ளோ ஒசரம்னு பாத்து வச்சிட்டியா?”

1-9, திங்கள். சென்னை

முதல் ஊசி. வயிற்றில். ஈட்டி நீளம். (விரல் நீளம் இருக்குமா? இருக்காது.) நர்ஸ் போட்டு முடித்துவிட்டு “முடிஞ்சுது சார், கண்ணத் தொறங்க” என்றார். அவமானம்.

கயல் கண்ணாடி அறைக்குள். அவளுடைய பழைய மஜ்ஜையை மருந்து ஏற்றி அடியோடு தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நிலத்தை எரித்துவிட்டு விதைக்கிற மாதிரி. தலைமுடி போன தடவை போனதே இன்னும் வளரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள், நடுவில் ஒரு போன். வரிசையில் அக்கா முன்னால் நின்றால் எனக்குப் போன் கிடைக்காது. அதனால் மோதிரத்தால் கண்ணாடியில் ஒரு தட்டு. அவள் ஸ்பூனால் பதிலுக்கு ஒன்று.

டிங். டிங்.

நர்ஸ் திட்டினார். இரண்டு பேரையும்.

3-9, புதன். பிள்ளையார் சதுர்த்தி

எலும்புக்குள் யாரோ சுண்ணாம்புக் காளவாய் போட்டிருக்கிறார்கள். இடுப்பு, முதுகு, நெஞ்செலும்பு. அடுத்த வார்டில் கேட்கும்படி முனகினேன். டாக்டரம்மா வந்து, “நல்லது சார், விதை பெருகி வெளிய வருது” என்றார். நல்லதாம்!

வ. கொழுக்கட்டை கொண்டுவந்தாள். கயலுக்கு உள்ளே கொடுக்க அனுமதி இல்லை. கண்ணாடி வழியே தூக்கிக் காட்டினோம். அவள் போனில், “மாமா, அத எனக்கு முன்னாடி நின்னு தின்னே, உன் ரத்தம் வேணாம்னு சொல்லிடுவேன்.” பசி இல்லை என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் ஐந்து தின்றேன்.

5-9, வெள்ளி

மெஷினில் ஐந்து மணி நேரம். இரண்டு கையும் கட்டிப்போட்ட மாதிரி. மூக்கு அரித்தது. வ. சொறிந்துவிட்டாள். உதடு மரத்துப்போனது, அதற்கு ஒரு மாத்திரை.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். உட்காரவில்லை.

“இன்னிக்கு எடுத்தது போதல சார். நாளைக்கு ஒரு தடவை பாப்போம்.”

“நாளைக்கும் போதலன்னா?”

அவர் என் போர்வையைச் சரி செய்தார்.

கயலுடைய பழைய மஜ்ஜை எதுவும் மிச்சம் இல்லை. எல்லாம் தீர்த்தாகிவிட்டது. திரும்ப வழி இல்லை.

பதினேழு தடவை கொடுத்தேன் என்றெல்லாம் சொல்லித் திரிந்தேனே. ஒரே ஒரு தடவை, வேண்டிய அன்றைக்கு, போதவில்லை.

அக்கா ஹார்லிக்ஸ் ஆற்றிக் கொடுத்தாள். இரண்டு தடவை ஆற்றினாள்.

6-9, சனி

மறுபடி மெஷின். இன்று கண்ணை மூடவில்லை. என் ரத்தம் குழாயில் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போ, போ என்று சொல்லிக்கொண்டே.

இரண்டு மணிக்கு: போதும். இரண்டு நாளுடையதும் சேர்த்து, போதும்.

உண்மை. எத்தனை கோடி என்று டாக்டரம்மா சொன்ன எண்ணை நான் பெருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. என் வாழ்நாளில் முதல்முறையாக என் புளுகைவிடப் பெரிய எண்.

என் ரத்தத்தில் இன்னொரு படையும் இருக்கிறதாம், முன்கோபிகள். உள்ளே போனால் கயலின் தோல், குடல், ஈரல் என்று கண்டதோடும் மல்லுக்கு நிற்குமாம். காந்தம் வைத்து விதையை மட்டும் பிடித்துக்கொண்டு, முன்கோபிகளை வடித்துவிட்டார்கள். (அது எங்கள் அப்பா வழி.)

வடித்து மிஞ்சியது ஒரு சின்னப் பை. டீக்கடையில் பார்சல் கட்டுகிற டீ அளவு. வெளிறிய ரோஸ் நிறம். கம்பியில் தொங்கி, குழாய் வழியே இறங்கி, முடிந்துவிட்டது. கயல் பையைப் பார்த்தாள், கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள், போனை எடுத்தாள்.

“இவ்ளோதானா மாமா நீ?”

14-9, ஞாயிறு. சென்னை

காலை ரயிலில் வந்தேன். தூறல். வாரம் முழுக்க வேலை, ஞாயிறு இங்கே.

கயலுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். வாய் முழுக்கப் புண். கணக்கு இன்னும் பூஜ்யம். ரத்தத்தில் வெள்ளைச் செல் ஒன்றுகூட முளைக்கவில்லை.

கண்ணாடியில் தட்டினேன். படுத்திருந்தாள். ஸ்பூன் கைக்கு எட்டும் தூரத்தில்தான்.

இன்னொரு தட்டு.

அக்கா சொன்னாள்: “தூங்கட்டும்டா. வுட்டுடு.”

பழமலைநாதரிடம் போன வெள்ளிக்கிழமை பேசினேன். ஆயிரம் தேங்காய் உடைப்பதாக ஆரம்பித்தேன். அவருக்கு என்னைத் தெரியும். பத்து என்று திருத்திக்கொண்டேன். பத்து, கண்டிப்பாக.

16-9, செவ்வாய்

மின்வெட்டு. கம்பெனியில் ஃபேன் இல்லை.

முத்திரை இல்லாத கோப்பை ஒன்று. தட்டினேன். டொக். வழக்கமாகத் தொட்டியில் பார்த்துத்தான் போடுவேன். இன்று ஓங்கி அடித்தேன். தூள். மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். மல்லிகா துடைப்பம் எடுத்துவந்து கூட்டினாள். கூட்டிக்கொண்டே, “வந்துடும்ண்ணே, வந்துடும்” என்றாள். கல்யாணம் இல்லை என்று அவளுக்கு எப்போது புரிந்ததோ.

வீட்டில் கயலின் கோப்பையை வ. தினமும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். யாரும் குடிக்காத கோப்பை.

19-9, வெள்ளி

அக்கா போன். வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு எடுத்தேன்.

“மொளச்சிடுச்சுடா.”

“என்னாது?”

“வெள்ளச் செல்லு. நேத்தே கொஞ்சம் இருந்துச்சாம், டாக்டரம்மா சொல்லல. இன்னிக்கு ஏறியிருக்குது. காய்ச்சலும் வுட்டுடுச்சு.”

மல்லிகாவும் மேஸ்திரியும் சூளைக்காரர்களும் சுற்றி நிற்கிறார்கள். எல்லாருக்கும் கேட்கிறது. சீனாக்காரன் வாழ்க.

முதல் வரிசையில் வருவது இ.கொ. படை என்று டாக்டரம்மா அன்றைக்கே சொன்னார். ஆக, இந்த நிமிடம் சென்னையில் என் ஆட்கள் ரோந்து கிளம்பிவிட்டார்கள். ஒவ்வொன்றையும் நிறுத்தி, கவிழ்த்து, முத்திரை பார்த்து. டேய், கவனம். நல்லதை உடைத்துவிடாதீர்கள். தட்டிப் பார்த்துவிட்டு.

தேங்காய்: பத்து. உடைத்தாயிற்று. பதினொன்றாவது என் கணக்கில்.

21-9, ஞாயிறு

தட்டினேன்.

ஸ்பூன் இல்லை, எழுந்து வந்து நகத்தால் தட்டினாள். சத்தமே வரவில்லை. கேட்டது.

8-10, புதன். ஆயுத பூஜை

நல்ல வெயில், காற்று. கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். என் மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்து அதற்கும் ஒரு பொட்டு. மேஸ்திரி “இது ஒரு ஆயுதமா?” என்றார். உலகிலுள்ள பீரங்கிகளுக்கெல்லாம் பாட்டன் என்றேன்.

பூஜைக்கு வ.வும் வந்திருந்தாள். பொரி, கடலை பிரிக்கும்போது போன். கயல். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகை ரூமுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. திங்கட்கிழமை மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள்.

“மாமா, ரிசல்ட் வந்துடுச்சு. கெட்டது ஒண்ணும் கண்ணுல படலயாம். இப்போதைக்குன்னு டாக்டர் ரெண்டு தடவ சொன்னாங்க.”

இப்போதைக்கு. சரி. இப்போதைக்கு என்பதுதான் எல்லாருக்கும்.

“உள்ள இருக்கறது முழுக்க உன் செல்லுதானாம். ஆம்பள ரத்தம்னு ரிப்போர்ட்ல போட்டிருக்குது. போவப் போவ குரூப்பு கூட உன்னுதுக்கு மாறிடுமாம்.”

போனை வ. பக்கம் நீட்டினேன்.

மல்லிகா எட்டிப் போனுக்குள் கத்தினாள்: “ஏ கயலு! ஆம்பள ரத்தம்னா மீச வருமாடி?”

ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான் யோசித்தாள்.

“வந்துடுச்சுக்கா. நேத்து ராத்திரிதான் அரும்புச்சு, காலையில பாத்தா முறுக்கற அளவுக்கு நிக்குது. நர்சுங்க எல்லாம் ஓடிட்டாங்க. டாக்டரம்மா கத்தரிக்கோல் எடுத்துட்டு வந்தாங்க, கத்தரிக்கோலு ஒடஞ்சிடுச்சு.”

“அய்யய்யோ!” என்று மல்லிகா பொரியைக் கீழே போட்டுவிட்டு சூளைப் பக்கம் ஓடினாள்.

வ. தலையில் அடித்துக்கொண்டாள். “போச்சு. ஒரு புளுகனையே சமாளிக்க முடியல, இப்ப ரெண்டு.”

கத்தரிக்கோல் உடைந்தது. எனக்குத் தோன்றியிருக்காது. நான் மீசையோடு நிறுத்தியிருப்பேன்.

அவள் பொய்யைத் தட்டிப் பார்த்தேன். டிங்.